என் போர்டில் ஓடுகிறது

அந்தப் பேட்ச், அதாவது நிரலில் செய்யும் மாற்றத்தைக் காட்டும் கோப்பு, ஒரே ஒரு வரியை நீக்கியது. அந்த வரிக்கு மேலே இருந்த சிறிய குறிப்பையும் சேர்த்து நீக்கியது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ரிஸ்க்-வி செயலிக் கட்டமைப்புக்கு வரும் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலைக்கு நான் வந்து ஓராண்டுகூட ஆகாத சமயம் அது. நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட பேட்ச் தொடர்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்தால் மனம் தானாகவே இளகிவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதை முடிக்க நான்கு நாட்கள் பிடித்தன.

நீக்கப்பட்ட வரி செய்த வேலை இதுதான். ஒரு நிரல் முதன்முறையாக ஒரு நினைவகப் பக்கத்தைத் தொடும்போது, அந்தப் பக்கம் இன்னும் ஒதுக்கப்படாததால் நிரலை நிறுத்திக் கர்னலை அழைக்கும் பேஜ் ஃபால்ட் எழும். கர்னல் ஒரு பக்கத்தை ஒதுக்கி, எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பேஜ் டேபிளில் அதற்குரிய பதிவை எழுதி, ‘இது செல்லும்’ என்பதற்கான பிட்டையும் வைத்துவிட்டு, நிரலை விட்ட இடத்திலிருந்து தொடர அனுப்பும். அனுப்புவதற்குச் சற்று முன்பு எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டும். இந்தக் கட்டளை வீண் என்பது பேட்ச் எழுதியவரின் வாதம். டிஎல்பி என்பது பேஜ் டேபிள் பதிவுகளைச் செயலி அருகிலேயே வைத்துக்கொள்ளும் சிறு நினைவு. ஏற்கெனவே செல்லுபடியாக இருந்த பதிவை மாற்றினால், பழையதை மறந்துவிடு என்று அதனிடம் சொல்ல வேண்டும். இங்கேயோ முன்பு பதிவே இல்லை, இல்லாததை மறக்கச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். எக்ஸ்86 செயலிகளும் ஆர்ம் செயலிகளும் செல்லாத பதிவுகளை நினைவில் வைப்பதில்லை என்பதும் உண்மையே. ரிஸ்க்-வி சிப் பொருத்திய அவருடைய போர்டில் பக்கம் ஒதுக்குவது கண்கூடாக வேகமாகியிருந்தது. ஒரு வாரம் இடைவிடாமல் சோதனை ஓட்டியிருந்தார், எதுவும் கவிழவில்லை.

எனக்குத் தயக்கம் தந்தது அந்தக் குறிப்புதான். ரிஸ்க்-வியில் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ வெறும் துடைப்பு அல்ல, அது ஒரு வரிசைக் கட்டுப்பாடு என்று அதில் எழுதியிருந்தது. குறிப்பை எழுதியவர் எதையோ கண்டு பயந்திருக்கிறார் என்று பட்டது. ரிஸ்க்-வியின் விதிகளை வரையறுக்கும் ஆவணமான ஸ்பெக்கை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தேன், மறுநாள் மறுபடியும் வாசித்தேன். பேஜ் டேபிளில் மென்பொருள் எழுதியதும், அதே பேஜ் டேபிளை வன்பொருள் தானாக நடந்து படிப்பதும் ஒன்றுக்கொன்று வரிசைப்பட்டவை அல்ல; நடுவே அந்தக் கட்டளை இருந்தால்தான் வரிசை வரும். அதோடு, செல்லாத பதிவைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளும் உரிமையை ரிஸ்க்-வி சிப் வடிவமைப்பாளருக்குக் கொடுத்திருக்கிறது. கட்டளையைத் தள்ளிப்போடலாம் என்றும் ஸ்பெக் சொல்கிறது. ஆனால் அப்படித் தள்ளிப்போட்டால், தேவையில்லாத ஃபால்ட் ஒன்று எழும்போது அங்கேயாவது அதை ஓட்டியாக வேண்டும்.

பேட்ச் அங்கேயும் அதை ஓட்டவில்லை. எழுதும்போது எழும் ஃபால்ட்டுக்குக் கர்னலின் பொது நிரலில் அப்போது ஒரு தற்காப்பு இருந்தது. படிக்கும்போது எழும் ஃபால்ட்டுக்கு இல்லை. ஆகவே, செல்லாத பதிவை நினைவில் வைக்கும் ஒரு சிப் இருந்தால் நடப்பது இது: செயலி தன் பழைய நினைவை நம்பி ஃபால்ட் எழுப்பும், கர்னல் வந்து பேஜ் டேபிளைப் பார்த்து, பதிவு சரியாகத்தானே இருக்கிறது, செய்வதற்கு எதுவுமில்லை என்று திரும்பும், செயலி மறுபடியும் ஃபால்ட் எழுப்பும். ஒருவர் கதவு பூட்டியிருக்கிறது என்பார், மற்றவர் திறந்துதானே இருக்கிறது என்பார், நிரல் வாசலிலேயே நிற்கும். பேட்ச் எழுதியவரின் சிப் அத்தகையது அல்ல. அதனால்தான் ஒரு வாரச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. அவர் ஓட்டியிருக்க வேண்டிய சிப் அவரிடம் இல்லை, எங்களிடமும் இல்லை, உலகில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லவும் வழியில்லை. இருக்கலாம் என்று ஸ்பெக் அனுமதிக்கிறது என்பதுதான் என்னுடைய ஒரே ஆதாரம்.

இந்த வேலையின் வினோதமே இதுதான். வேறு சில கட்டமைப்புகளில் சிப் முதலில் வருகிறது. அதன் நடத்தையே பாதி இலக்கணமாகிவிடுகிறது. ரிஸ்க்-வி 2010-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது முதலே ஓர் ஏடாகத்தான் வளர்ந்தது. அந்த ஏட்டைப் படித்து யார் வேண்டுமானாலும் சிப் செய்யலாம். உரிமத் தொகை கிடையாது. சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் அதே ஏட்டிலிருந்து வந்ததுதான். லினக்ஸின் 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில், இந்தக் கட்டமைப்பு முதன்முதலாகக் கர்னலுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து ஒருவரையொருவர் அறியாத பல குழுக்கள் செய்த சிப்கள் ஒரே கர்னல் நிரலை ஓட்டுகின்றன. எனவே, ‘என் போர்டில் ஓடுகிறது’ என்று ஒருவர் எழுதும்போது நான் அதை நம்பாமல் இல்லை. ஆனால் அது அந்த போர்டைப் பற்றிய செய்தி, பேட்சைப் பற்றிய செய்தி அல்ல.

இதைப் புரியவைக்க நான் அதிகமாகப் பாடுபட்டது வெளியாரிடம் அல்ல, பக்கத்து மேசையில் இருந்த இளைஞரிடம். எக்ஸ்86 கணினிகளில் வெகுகாலமாக ஓடிய ஒரு நெட்வொர்க் டிரைவரை, அதாவது நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரலை, எங்கள் ரிஸ்க்-வி போர்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் குப்பையாகப் போய்க்கொண்டிருந்தது. மெமரி சிப் கோளாறு என்று ஹார்டுவேர்காரர்களிடம் இரண்டு வாரம் சண்டை நடந்தது. நான் நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அனுப்ப வேண்டிய பாக்கெட்டின் விவரத்தை நினைவகத்தில் எழுதிவிட்டு, ‘எடுத்துக்கொள்’ என்று சொல்ல அட்டையின் அழைப்பு மணி போன்ற டோர்பெல் ரெஜிஸ்டரில் எழுதும் இடம் அது. அங்கே ரைட்எல் என்ற வழக்கமான சார்பு இல்லை. வேகத்துக்காக அதன் ரிலாக்ஸ்டு வடிவம் இருந்தது. முன்னால் எந்தத் தடுப்பும் இல்லை.

“லேப்டாப்ல ரெண்டு வருஷமா இதே கோடுதான் சார் ஓடுது” என்றார்.

எக்ஸ்86-இல் ஓடத்தான் செய்யும். அங்கே ஒரு கோர் எழுதுகிறவை எழுதிய வரிசையிலேயே வெளியே தெரியும். ரிஸ்க்-வியின் நினைவக ஒழுங்கு தளர்வானது. கேட்டு வாங்காவிட்டால் வரிசை கிடையாது. நினைவகத்தில் எழுதியது வழியிலேயே இருக்கும்போது மணி அடித்துவிடலாம். அட்டை ஓடிவந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய கடிதம் கிடக்கும். ரைட்எல் சார்பு இதற்காகவே ரிஸ்க்-வியில் ‘ஃபென்ஸ் டபிள்யூ, ஓ’ என்ற கட்டளையை முன்னால் வைக்கிறது: நினைவகத்தில் இதுவரை எழுதியவை முடிந்த பிறகே கருவிக்குப் போகும் எழுத்து போகட்டும் என்பது அதன் பொருள். வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு போட்டுக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஹார்டுவேர்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பேட்ச் படிப்பதில் எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. நிரலை முதலில் திறப்பதில்லை. பேட்சோடு வரும் விளக்கமான கமிட் மெசேஜை மட்டும் படித்துவிட்டு, இந்தப் பிரச்சினைக்கு நானாக இருந்தால் எங்கே கை வைப்பேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றத்துக்குள் போகிறேன். நான் நினைத்ததும் அவர் செய்ததும் வேறாக இருந்தால் இருவரில் ஒருவருக்கு ஏதோ தெரியவில்லை. பாதிக்குப் பாதி அது நான்தான். மெசேஜ் ‘என்ன செய்தேன்’ என்பதை மட்டும் சொல்லி, ‘ஏன்’ என்பதை விட்டிருந்தால் நிரலுக்குள் போகாமலேயே அந்தக் கேள்வியை அனுப்பிவிடுவேன். சிலருக்கு இது கோபமூட்டுகிறது. இலக்கணப் பிழை பார்க்கும் வாத்தியார் என்று நினைக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் இந்த வரியை நீக்கலாமா என்று பார்க்கும்போது, எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மெசேஜ் மட்டும்தான் அங்கே இருக்கும். உள்தள்ளல், வரி நீளம் போன்றவற்றைச் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதில் மனிதர் நேரம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

நான் தவறவிட்டதும் உண்டு. பக்க முகவரிக் கணக்கைச் சீராக்கும் ஒரு தொடர் ஏழாவது பதிப்பாக வந்திருந்தது. முதல் ஆறையும் படித்திருந்ததால் ஏழாவதில் மாறியதை மட்டும் பார்த்தேன். எல்லாம் சரி என்று ரிவ்யூடு-பை போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் கர்னல் டெஸ்ட் ரோபாட்டின் மடல் காத்திருந்தது: 32-பிட் ரிஸ்க்-வியில் கம்பைல் செய்தால் எச்சரிக்கை வருகிறது. 1-ஐ 38 இடம் இடப்பக்கம் நகர்த்தும் ஒரு கணக்கு அன்சைன்டு லாங் வகையில் எழுதப்பட்டிருந்தது. 64-பிட்டில் அது சரி, 32-பிட்டில் அந்த வகைக்கு 32 பிட்தான். இரண்டாம் பதிப்பிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்த வரி அது. எழுதியவர் பெருந்தன்மையாகத் தன் தவறு என்றே சொல்லித் திருத்தி அனுப்பினார். ஆனால் என் பெயர் அதன் கீழே இருந்ததே. ரிவ்யூடு-பை என்பது நான் பார்த்தேன் என்பதற்கு அல்ல, பார்த்து ஒப்புகிறேன் என்பதற்கான கையொப்பம். அன்றிலிருந்து 32-பிட்டிலும் ஒருமுறை கம்பைல் செய்யாமல் போடுவதில்லை.

இன்னொரு வகைப் பேட்சில் நிரலில் குறை எதுவும் இருக்காது. ஆனாலும் ஏற்க முடியாது. ஸ்பெக்கில் ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது அடிப்படைக் கட்டமைப்போடு சேரும் கூடுதல் வசதி, குறைந்தபட்சம் இனி பெரிதாக மாறாத உறைநிலைக்கு வந்திருந்தால்தான் அதற்கான பேட்சை ஏற்பது என்பது ரிஸ்க்-வி பகுதியின் எழுதப்பட்ட விதி. சிப் ஆலைக்குப் போயாயிற்று, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஆனால் ஸ்பெக் இன்னும் வரைவு நிலையில் இருக்கிறது என்றால், அனுப்புகிறவரின் மேலாளருக்கு இந்த விதி வெறும் அலுவலகத் தாமதமாகத்தான் தெரியும். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனமே இப்படி அவசரப்பட்டது. சொந்த நிறுவனத்தின் தொடரை நானே தடுத்து எழுத வேண்டி வந்தது. அந்த ஆண்டின் மதிப்பீட்டில் ‘ஒத்துழைப்பு’ என்ற கட்டத்தில் விழுந்த எண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

விதிக்கு நியாயம் உண்டு. ஒரு பக்கத்தைச் செயலியின் விரைவு நினைவான கேஷில் வைக்கலாமா கூடாதா என்று சொல்ல, பேஜ் டேபிள் பதிவின் 61, 62-ஆம் பிட்களை எஸ்விபிபிஎம்டி எக்ஸ்டென்ஷன் ஒதுக்கியது. 2021-இல்தான் அது உறுதியானது. அதற்கு முன்பே சந்தைக்கு வந்த ஆல்வின்னர் டி1 சிப்பின் சி906 கோர், அதே வேலைக்கு மேல் பிட்களைத் தனக்கேற்ற வேறு முறையில் பயன்படுத்தியிருந்தது. கையில் போர்டு வைத்திருப்பவர்களைக் கைவிடவும் முடியாது. 2022-இல் வந்த 5.19 பதிப்பில் இரண்டுக்குமே இடம் கிடைத்தது, ஒன்று நெறியாகவும் மற்றது எர்ராட்டா என்ற விலக்காகவும். கர்னல் துவங்கும்போது எந்தச் சிப் என்று பார்த்து, தன் கட்டளைகளைத் தானே அந்த இடத்திலேயே மாற்றி எழுதிக்கொள்ளும் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற ஏற்பாட்டால் இது முடிந்தது. அந்த விலக்கின் சுமை இன்றும் பேஜ் டேபிள் நிரலைத் தொடும் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறது.

அந்த ஒரு வரிப் பேட்சுக்கு வருகிறேன். ஸ்பெக்கின் வாசகத்தைச் சுட்டி, படிக்கும் ஃபால்ட் முடிவின்றிச் சுழலும் வழியைப் படிப்படியாக எழுதி, இப்படியே ஏற்க இயலாது என்று பதில் அனுப்பினேன். அவர் ஒப்புக்கொண்டார், கூடவே, இல்லாத ஒரு சிப்புக்காக இருக்கிற எல்லாச் சிப்களும் ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் விலை கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியில் நியாயம் இருந்ததால் அது நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதில் ஸ்பெக் பக்கத்திலிருந்து வந்தது. செல்லாத பதிவு செல்லுபடியாக மாறினால், எஸ்ஃபென்ஸ் இல்லாமலே ஒரு வரம்புக்குட்பட்ட நேரத்தில் அது வன்பொருளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு சிப் உறுதி கொடுப்பதற்காகவே எஸ்விவிபிடிசி என்ற எக்ஸ்டென்ஷன் உருவாகி உறுதியாயிற்று. அந்த உறுதியைக் கொடுக்கும் சிப்களில் அந்தக் கட்டளையைத் தாண்டிப்போகும்படி கர்னல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மற்றவற்றில் எஸ்ஃபென்ஸ் வழக்கம்போல ஓடுகிறது.

சில மாதங்கள் கழித்து அதே மனிதரிடமிருந்து இன்னொரு பேட்ச் வந்தது. இம்முறை எதுவும் நீங்கவில்லை. அவருடைய சிப்பின் விவரங்களைக் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில், எக்ஸ்டென்ஷன்களின் வரிசையில் எஸ்விவிபிடிசி என்ற ஒரே சொல் சேர்ந்திருந்தது. சிப் உண்மையிலேயே அந்த உறுதியைக் கொடுக்கிறதா, போர்டில் ஓடியதை வைத்துச் சேர்த்தாரா என்று கேட்க மடலைத் தொடங்கினேன். பிறகு, என் பழக்கப்படி, கமிட் மெசேஜை முழுவதும் படித்தேன். வடிவமைப்புக் குழுவிடம் கேட்டு, பேஜ் டேபிளை நடக்கும் பகுதி செல்லாத பதிவை எங்கும் சேமிப்பதில்லை என்று உறுதிசெய்துகொண்ட விவரம் அதன் மூன்றாவது பத்தியில் இருந்தது.