சிப் போட்ட தேதி என்ன?

நாய், பூனைகளை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் அலுவலகத்தில் வேலை என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த நொடியே முகம் மாறும். "அய்யோ பாவம், பெட்டி படுக்கையோட அடியில போட்டு அனுப்புவீங்களா?" பல வருடமாக இதே கேள்வி, நானும் பல வருடமாக இதே பதில். அடியில்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அடி இல்லை. உயிருள்ள பிராணி ஏறும் சரக்கு அறையில், மேலே பயணிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான் இருக்கும், வெப்பநிலையையும் பார்த்துக்கொள்வார்கள், எந்த அறையில் என்ன பிராணி இருக்கிறது என்று கிளம்பும் முன்பே கேப்டன் கைக்கு ஒரு தாள் போய்விடும். இருட்டில் பல நாய்கள் பேசாமல் சுருண்டு படுத்துவிடும்.

உண்மையில் எனக்குப் பயம் தருவது ஓடுதளத்துப் பக்கம் வெயிலில் காத்திருக்கும் நேரம். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவே சரியாக வராது. அதனால்தான் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை. சரி, தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா என்று பாதிப் பேர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், நிற்கத் தடுமாறும், நாய் மயக்கத்தில் இருப்பது தெரிந்தால் கார்கோவில் வாங்கவும் மாட்டார்கள்.

இதெல்லாம் ஒரு நாள் சமாசாரம். என் வேலை அந்த ஒரு நாளுக்கு முன்னால் இருக்கும் பல மாதங்களில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி தேதி எண்ணுவது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) இருக்கிற நாடு என்று போய் இறங்கும் நாட்டுக்காரர்கள் கருதும் இடத்திலிருந்து நாய் போகிறது என்றால் வரிசை இதுதான்: முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் போடும் 15 இலக்க அடையாள எண் சில்லு), அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, அப்புறம் ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, பிறகு காத்திருப்பு. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம். ஜப்பானுக்கு இரண்டு ஊசி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள். ஆஸ்திரேலியாவுக்கும் 180 நாள்தான், ஆனால் அவர்கள் ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், கூரியர் தாமதமானால் அத்தனை நாளும் நம் கணக்கில். அங்கே போய் இறங்கியபின் மெல்பர்ன் பக்கம் மிக்கிள்ஹாமில் குறைந்தது 10 நாள் தனிமை வேறு. இதுவே தேவலை, பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வரை போய் இறங்குகிற கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் ஆறு மாதத் தனிமை.

"எனக்குப் பெரிய இடத்துல ஆள் தெரியும்" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். 2015-இல் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு குட்டி நாய்களைத் தனி விமானத்தில், யாரிடமும் சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாட்டு விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ், நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று கெடு வைத்தார். நாய்கள் திரும்பிப் போயின. ஜானி டெப்புக்கே அப்படி என்றதும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இவ்வளவு தேதி தெரிந்த நானே ஒருமுறை கோட்டைவிட்டேன்.

கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், அப்புறம் மணி என்ற பழுப்பு நிற நாய். ஐரோப்பாவில் வேலை கிடைத்து மொத்தக் குடும்பமும் கிளம்புகிறது. காகிதமெல்லாம் கச்சிதமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊசிச் சீட்டு இருந்தது, செல்லும் தேதிக்குள் இருந்தது. சிப் சான்றிதழ் இருந்தது, 15 இலக்கமும் சரி. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, 0.5 கேட்ட இடத்தில் 4-க்கு மேல். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் டிக் அடித்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊசி ஜூன் 3. சிப் ஜூன் 11. மருத்துவரிடம் அன்றைக்குச் சிப் கையிருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஜூன் 3 அன்று ஊசி போட்டுக்கொண்டது யார் என்றே தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு மணிக்கு அடையாள எண் கிடையாது. ஊசி செல்லாது. ஊசி செல்லாது என்றால் ரத்தப் பரிசோதனையும் செல்லாது.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, என்னோடு வேலை பார்க்கும் அக்கா கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இங்க வாப்பா" என்றார். அந்தக் குரலை இப்போதும் மறக்க முடியவில்லை. தாளைப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுப்போனது. போன் செய்து சொல்ல வேண்டியது நான்தான். அந்தக் கணவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

மறுபடி ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம். செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது, ஆனால் நான்கு மாதத்தை யார் ஏற்றுக்கொள்வது? குடும்பம் கிளம்பிவிட்டது, மணி அந்தக் கணவருடைய அம்மாவிடம் தங்கியது. எழுபதைத் தாண்டியவர். அதுவரை நாய் என்றால் வாசலுக்கு வெளியேதான் என்று இருந்தவராம்.

கூண்டுப் பழக்கத்தைப் போனிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அளவு நாங்கள் எடுப்பதுதான்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, அதோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதி, இது நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். நிமிர்ந்து நின்றால் காது நுனி கூரையில் இடிக்காத உயரம். உள்ளே நாய் நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். மணிக்கு 100 செ.மீ. நீளம், 70 அகலம், 75 உயரத்தில் கூண்டு வந்தது. (இடத்தை எடையாக மாற்ற இந்த அளவைப் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள், 87.5 வரும். நாயும் கூண்டும் சேர்ந்து நாற்பது சொச்சம் கிலோதான் என்றாலும் சரக்குக் கட்டணம் 87.5 கிலோவுக்கு. விமானத்தில் எடையைவிட இடத்துக்குத்தான் விலை. இதை விளக்கியே எனக்குத் தொண்டை போயிருக்கிறது.)

"முதல்ல கதவைக் கழட்டிடுங்கம்மா, சும்மா மூலையில கிடக்கட்டும்" என்றேன். அடுத்த வாரம் சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைக்கச் சொன்னேன். அப்புறம் கதவை மாட்டி, சாத்தாமல். அப்புறம் ஒரு நிமிடம் சாத்தி, அப்புறம் ஐந்து நிமிடம். அவசரப்பட்டால் எல்லாம் வீணாகிவிடும், கிளம்புகிற அன்றைக்கு முதல்முறையாகக் கூண்டைப் பார்க்கிற நாய் பல்லால் கம்பியைக் கடித்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும், அப்படி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஆறாவது வாரம் அவரே கூப்பிட்டார். "தம்பி, இது இப்ப என்னைவிட அந்தப் பெட்டியைத்தான் நம்புது."

கடைசி நாள் கார்கோவில் அவரும் வந்து நின்றார். மணியை வெளியே இறக்கிக் கூண்டை மட்டும் எக்ஸ்ரேயில் விட்டார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் இரவே உறையவைத்த ஐஸ், ஏற்றும்போது ஆட்டத்தில் சிந்தாது, போகப் போக உருகிக் குடிக்கக் கிடைக்கும். அப்புறம் சிப்பைச் சரிபார்க்க அதிகாரி ரீடரை எடுத்து இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் வைத்தார். சத்தமே இல்லை. மறுபடி, கொஞ்சம் கீழே. இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, எந்தச் சிப்பால் நான்கு மாதம் போனதோ அதுவே இல்லையென்றால்? அரிசி மணி அளவுள்ள பொருள், தோலுக்கடியில் நகர்ந்துவிடுவது உண்டு, அது தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் தெரிந்த எதுவும் உதவவில்லை. அவர் நிதானமாக இடது தோளிலிருந்து வழித்துக்கொண்டே இறங்கினார், முழங்கைக்குக் கிட்டத்தில் 'பீப்'. எண்ணை உரக்க வாசித்தார், நான் தாளில் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகத் தொடர்ந்தேன். பதினைந்தும் சரி.

கூண்டுக்குள் போட வீட்டு வாசம் உள்ள துணி, துவைக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அந்த அம்மா கொண்டுவந்த போர்வையில் சோப்பு மணத்தது. "அழுக்கோட எப்படித் தம்பி, நாலு பேர் பார்க்குற இடம்..." என்றவர், நான் எதுவும் சொல்வதற்குள் தன் தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடுத்தார். மணி தானாக உள்ளே போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. கதவின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இழுத்து இறுக்கினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார்.

மறுநாள் அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் ஓடிவந்து கதவைத் திறந்தால் இது ஐந்து நிமிடம் வெளியே வரவே இல்லையாம், துண்டை விட்டு நகரவில்லையாம். அந்தச் சேதியை நான் பாட்டிக்குச் சொன்னபோது போனில் சத்தமில்லை, பிறகு, "வந்துச்சுல்ல, அது போதும்" என்றார்.

அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, சிப் போட்ட தேதி என்ன? எந்த நாடு, எந்த இனம், எத்தனை கிலோ எல்லாம் அப்புறம். ஊசித் தேதியையும் சிப் தேதியையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, கையால் எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும், கம்ப்யூட்டர் என்னதான் பச்சை காட்டினாலும். சிலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சல். போன வாரம் ஒருவர், "முதல்ல என் நாய் பேரைக் கேளுங்க சார்" என்று கோபித்துக்கொண்டார். கேட்டேன். சொன்னார், நல்ல பெயர்தான். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைக் குடைகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து தேதியை வாசித்தார். ஊசிக்கு மூன்று நாள் முன்னால்.