நோட் எல்லாம் வந்தப்புறம் ஃபீல் பாத்துக்கலாமா?

"முதல்ல நோட்ட கரெக்ட்டா கத்துக்கோ, ஃபீல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." பியானோ கத்துக்கிற எல்லார் காதுலயும் ஒரு தடவையாவது இது விழுந்திருக்கும். நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் பிராக்டிஸ் பண்ணேன். இப்போ அது தப்புன்னு அடிச்சு சொல்வேன், ஏன்னா விரல் நூறு தடவ எதை செய்யுதோ அதைத்தான் நூத்தியொண்ணாவது தடவயும் செய்யும், நூறு தடவ ஒரே சத்தத்துல தட்டிட்டு திடீர்னு ஒருநாள் பாடுன்னா கை பாடாது.

எனக்கு இதை புரிய வச்சது ஷோபின்ங்கிற இசையமைப்பாளரோட ஈ மைனர் பிரெலூட்ங்கிற குட்டி பியானோ பீஸ். ஓபஸ் 28ங்கிற தொகுப்புல நாலாவது, 1839ல வெளியானது. மொத்தமே 25 பார் (பார்னா தாளத்தோட ஒரு சுத்து), ஒரே பக்கம். ரைட் ஹேண்ட்ல பெருசா ஒண்ணுமில்ல, லெஃப்ட் ஹேண்ட்ல கார்டு, அதாவது ஒண்ணா அடிக்கிற மூணு நோட், திரும்பத் திரும்ப. ரெண்டே நாள்ல நோட் எல்லாம் வந்துடுச்சு. ஆனா ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா அப்படியே தையல் மெஷின் ஓடுற மாதிரி இருந்துச்சு.

அப்போதான் லெஃப்ட் ஹேண்ட மட்டும் தனியா எடுத்தேன். ஸ்கோர்ல இருக்கிற மாதிரி ஒரு பாருக்கு எட்டு தடவ அடிக்காம, ஒரு கார்ட ஒரே தடவ அமுக்கி அப்படியே பிடிச்சுக்கிட்டு, அடுத்த கார்டுக்கு போறப்போ எந்த விரல் நகருதுன்னு பாத்தேன். பெரும்பாலும் ஒரே ஒரு விரல்தான், அதுவும் அரை படி கீழ. மத்த ரெண்டு நோட்டும் அங்கயே நிக்கும். அந்தப் பாட்டோட சோகம் முழுக்க அந்த ஒரு விரல்லதான் இருக்கு! அதைக் கேட்டுட்டா, மாறுற நோட்ட துளி அழுத்தி வாசிக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம், கை தானா செய்யும். காலால அமுக்கி சத்தத்த நீட்டுற பெடலும் அப்படித்தான், கார்டு மாறுற இடத்துல மாத்தணும், இல்லன்னா பழைய நோட்டும் புது நோட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி குழம்பிடும்.

அடுத்தது அந்த எட்டு கார்டு. ஒவ்வொண்ணுக்கும் கைய முழுசா தூக்கினா டக் டக்னு தான் கேக்கும். செபாஸ்டியன் எரார்ட்ங்கிற பியானோ தயாரிப்பாளர் உருவாக்கி 1821ல பேட்டண்ட் ஆன டபுள் எஸ்கேப்மெண்ட்னு ஒரு மெக்கானிசம் இருக்கு, இன்னைக்கு கிராண்ட் பியானோல இருக்கிறது அதுலேர்ந்து வந்ததுதான், அதால கீ முழுசா மேல வர்றதுக்கு முன்னாடியே மறுபடி அமுக்கலாம். அதனால விரல கீயிலேர்ந்து எடுக்காம, பாதி மேல வந்ததும் திரும்ப அமுக்கிப் பாருங்க, சத்தம் அப்படியே மெத்துன்னு ஆகிடும். நேரா நிக்கிற அப்ரைட் பியானோல இந்த வசதி பொதுவா இல்ல, கீ இன்னும் கொஞ்சம் மேல வர வரைக்கும் காத்திருக்கணும், ஆனா விரல் ஒட்டியே இருக்கலாம்.

ரைட் ஹேண்ட் ஈஸின்னு நெனச்சேன்ல, உண்மையில அதுதான் கஷ்டம். ஆரம்பத்துல மூணு பீட்டுக்கு 'பி'ங்கிற நோட், அப்புறம் ஒரு பீட்டுக்கு 'சி'ங்கிற நோட், திரும்ப பி. பியானோல ஒரு நோட் அடிச்ச நிமிஷத்துலேர்ந்தே குறைய ஆரம்பிச்சிடும். 1849ல ஷோபினோட இறுதிச் சடங்குல இதே பீஸை ஆர்கன்ல வாசிச்சாங்க, ஆர்கன்ல கீய விடுற வரைக்கும் சத்தம் குறையாது, நமக்கு அந்த வசதி கிடையாது. மூணு பீட் கழிச்சு பி எவ்வளவு மிச்சம் இருக்கோ அதைக் கேட்டு, அந்த அளவுலேர்ந்து சிய எடுக்கணும். கேக்காம அடிச்சா சி மட்டும் முட்டிக்கிட்டு நிக்கும். என் டீச்சர் சொன்னாங்க, "நீ அடிக்கப்போற நோட்ட விட, அடிச்சு முடிச்ச நோட்ட கேளுப்பா"ன்னு. ஒரு வாரம் முதல் நாலு பார் மட்டும்தான் வாசிச்சேன், வாயால மெலடிய பாடிக்கிட்டே லெஃப்ட் ஹேண்ட வாசிக்கிறது, அப்புறம் ரெண்டு கையும்.

ஸ்லோ பிராக்டிஸ்னா பலபேர் டெம்போவ மட்டும் குறைக்கிறாங்க. சத்தத்தோட ஏத்த இறக்கம், எங்க மூச்சு விடணும், பெடல் எங்க, எல்லாம் அதே மாதிரி இருக்கணும், காலம் மட்டும் நீளணும். டிக் டிக்னு தாளம் காட்டுற மெட்ரோனோம் எதுக்குன்னா எங்க நாம தெரியாம ஓடுறோம்னு கண்டுபிடிக்க. இந்த பீஸ்ல நடுவ தாண்டினதும் ஷோபின் ஸ்ட்ரெட்டோன்னு போட்டிருப்பார், அங்க வேகத்த நெருக்கணும், ஆனா அதுக்கு முன்னாடியே ஓடிட்டா நெருக்குறதுக்கு இடமே இருக்காது.

ஸ்கோர்ல இருக்கிறத முழுசா படிக்கணும், இதையும் சொல்லியே ஆகணும். பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டா முதல் மூவ்மெண்ட்ட பாருங்க, அடாஜியோன்னு, அதாவது மெதுவான்னு, போட்டிருக்கிறத மட்டும் பாத்து இழுத்துக்கிட்டே போறாங்க, ஆனா டைம் சிக்னேச்சர் கட் டைம், பாருக்கு ரெண்டு துடிப்புதான். அந்த பேர் கூட அவர் வச்சதில்ல, அவர் போனப்புறம் வந்தது. நிலாவ நெனச்சு வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு துடிப்ப எண்ணிப் பாக்கலாம்.

எப்பவும் முதல் பார்லேர்ந்தே ஆரம்பிக்கிற பழக்கத்தையும் விட்டேன். அப்படி வாசிச்சா முதல் பக்கம் பளபளன்னு இருக்கும், கடைசி தடுமாறும். இப்போ கடைசி பார்லேர்ந்து பின்னாடி போறேன். இந்த பிரெலூட்ல அதுக்கு தனி பலன் கிடைச்சுது, ஏன்னா முடிவுக்கு ரெண்டு பார் முன்னாடி ஒரு ரெஸ்ட் (சத்தமில்லாத இடம்) மேல ஃபெர்மாட்டாங்கிற நீட்டச் சொல்ற குறி இருக்கு, அதாவது நீட்டி நிறுத்த வேண்டியது சத்தத்த இல்ல, நிசப்தத்த. எவ்வளவு நேரம்? ஸ்கோர்ல இல்ல. நேத்து அஞ்சு தடவ ரெக்கார்ட் பண்ணேன், ஒவ்வொரு தடவயும் வேற நீளம். ரொம்ப சீக்கிரம் வந்தா கடைசி மூணு கார்டும் அவசரமா கேக்குது, ரொம்ப விட்டா பீஸ் முடிஞ்சு போச்சுன்னு தோணிடுது. நாலாவது தடவதான் சரியா இருந்துச்சு, அதுல மட்டும் நான் எண்ணவே இல்ல, முந்தின கார்டு ரூம்ல முழுசா அடங்குற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.