லண்டன் மாமியின்ர வொய்ஸும் ரெண்டாம் மாச ஊசியும்

அக்காவின்ர மகள் கிளிநொச்சி வட்டக்கச்சியில இருக்கிறாள், முதல் பிள்ளை பிறந்து ரெண்டு மாசம் முடிஞ்சிட்டுது. போன கிழமை பாக்கப் போன இடத்தில கிளினிக் காட்டைத் திறந்து பாத்தன், பிறந்தவுடன போடுற பிசிஜி ஊசி மட்டும்தான் பதிஞ்சு கிடக்கு, ரெண்டாம் மாசக் கட்டம் வெறுமை. "ஏன் பிள்ளை கொண்டுபோகேல்ல?" எண்டு கேட்டன். அவள் ஒண்டும் சொல்லாமல் போனைத் தந்தாள். லண்டன் மாமி அனுப்பின வொய்ஸ், ஏழு நிமிசம். இப்ப வாற ஊசியெல்லாம் எம்ஆர்என்ஏவாம், அது பிள்ளையின்ர டிஎன்ஏவை மாத்திப் போடுமாம், அமெரிக்காவிலயே நிப்பாட்டிப் போட்டினமாம்.

மாமியில எனக்குக் கோபம் இல்ல, பேரப்பிள்ளை எண்ட பாசத்திலதான் அனுப்பினவ. ஆனா அந்த ஏழு நிமிசத்தால ஒரு பச்சைப்பிள்ளை குக்கல் இருமலுக்கு முன்னால ஒரு பாதுகாப்பும் இல்லாமல் கிடக்குது, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

முதல்ல ஒண்டைச் சொல்லவேணும். ரெண்டு, நாலு, ஆறாம் மாசத்தில எங்கட பிள்ளையளுக்குப் போடுற ஐந்து நோய் ஊசியில எம்ஆர்என்ஏ இல்லவே இல்ல. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹிப் எண்ட கிருமியால வாற மூளைக்காய்ச்சல், ஹெப்படைட்டிஸ் பி எண்ட ஈரல் வருத்தம், இந்த ஐந்துக்கும்தான் அது. இதில ஹெப்படைட்டிஸ் பி பங்கு பாண் செய்யப் போடுற ஈஸ்ட் இருக்குதெல்லோ, அந்த மாதிரி ஈஸ்டுக்குள்ள வைரசின்ர ஒரு சின்னத் துண்டை வளர்த்து எடுக்கிறது. அமெரிக்காவில 1986இல அதுக்கு அனுமதி குடுத்த நேரம் அதுதான் புதுத் தொழில்நுட்பம், இண்டைக்கு அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல.

எம்ஆர்என்ஏ எண்டா என்ன எண்டும் கேட்டாள். கலியாண வீட்டில சமையல்காரரிட்ட ஒரு துண்டு எழுதிக் குடுப்பமே, இண்டைக்கு இந்தக் கறி வை எண்டு, அப்பிடித்தான் பிள்ளை எண்டு சொன்னன். அவர் குசினியில நிண்டு சமைப்பார், துண்டு எண்ணெயும் தண்ணியும் பட்டுக் கிழிஞ்சு போயிடும், வீட்டு அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கிற காணி உறுதியில ஒரு எழுத்தும் மாறாது. டிஎன்ஏ அந்த உறுதி மாதிரி, கலத்தின்ர கருவுக்குள்ள இருக்கு, ஊசியில வாற துண்டு அங்க போறதே இல்ல, வெளியில நிண்டு, உடம்பு பாத்துப் பழகுறதுக்குக் கிருமியின்ர ஒரு சின்னப் பங்கைச் செய்விச்சுப்போட்டுக் கொஞ்ச நாளில அழிஞ்சிடும். முந்தி இந்தத் துண்டை உடம்புக்குள்ள விட்டா உடம்பு எதிரி எண்டு நினைச்சு வீங்கிப்போகும், அதில ஒரு எழுத்தை மாத்தினா அப்பிடி வராது எண்டு கரிக்கோ, வைஸ்மன் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் 2005இல காட்டினவை, 2023இல நோபல் கிடைச்சது. 2021 கடைசியில கொரோனாவுக்கு மூண்டாவது ஊசி எண்டு நாங்கள் வரிசையில நிண்டு போட்ட பைசர் அந்த வகைதான், நானும் போட்டனான்.

பக்கவிளைவு இல்லையெண்டு நான் சொல்லேல்ல. எம்ஆர்என்ஏ ஊசியால இளம் பெடியளில அரிதா இதயத் தசை வீக்கம் வந்திருக்கு, அதை வைத்தியர்மாரே வெளியில சொன்னவை. எங்கட நாட்டிலயும் 2008இல இந்த ஐந்து நோய் ஊசி தொடங்கின கொஞ்சத்தில சில குழந்தையள் இறந்தவுடன ஏப்ரலில நிப்பாட்டினவை, விசாரிச்சுப்போட்டு 2010இல திரும்பத் தொடங்கினவை. சந்தேகம் வந்தா நிப்பாட்டிப் பாக்கிற ஆக்கள் எண்டபடியாத்தான் எனக்கு நம்பிக்கை. அமெரிக்காவில 2025 ஓகஸ்ட்டில 22 எம்ஆர்என்ஏ திட்டங்களுக்குக் காசு நிப்பாட்டினதும் உண்மைதான், கிட்டத்தட்ட 500 மில்லியன் டொலர், ஆனா அது ஆராய்ச்சிக் காசு, வட்டக்கச்சிப் பிள்ளையின்ர ஊசிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல.

எங்கட பெரியப்பாவுக்குச் சின்னனில போலியோ வந்தது. இடது கால் மூங்கில் தடி மாதிரி மெலிஞ்சு தொங்கும், சைக்கிளில வலது காலால மட்டும்தான் உழக்குவார், மிதி கீழ போனவுடன காலை அதுக்கு அடியில குடுத்துத் திரும்ப மேல இழுப்பார், அதுக்கு எண்டு மிதியில ஒரு தோல்வார் கட்டி வச்சிருந்தவர். அந்த வாரை நான் எத்தினையோ தரம் தைச்சுக் குடுத்திருக்கிறன். 1993க்குப் பிறகு இலங்கையில ஒரு பிள்ளைக்கும் அந்த வருத்தம் வரேல்ல. அதுவும் என்ன காலத்தில? சண்டை நடந்துகொண்டிருக்கேக்க சொட்டு மருந்து குடுக்கிறதுக்கு எண்டு ரெண்டு பக்கமும் வெடியை நிப்பாட்டி நாள் ஒதுக்கினவை. 2009இல எல்லாத்தையும் விட்டிட்டு ஓடேக்க ஊசிக் காட்டை நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டு வந்த தாய்மாரும் இருக்கினம். அந்தச் சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாமில கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் என்னமாதிரிப் பரவினது எண்டு அங்க இருந்த ஆக்களைக் கேளுங்கோ.

ஆனா ஒண்டு, கேள்வி கேக்கிற தாயை ஏசக் கூடாது. அக்காவின்ர மகள் முந்தி ஒரு கிளினிக்கில "இதில என்ன இருக்கு மிஸ்" எண்டு கேட்டதுக்கு "படிச்ச நீங்களே இப்பிடிக் கேக்கிறீங்களோ" எண்டு எல்லாருக்கும் முன்னால பேச்சு வாங்கினவள். அதுக்குப் பிறகுதான் மாமியின்ர வொய்ஸ் இவளுக்கு இனிச்சது. அங்க ரெண்டு நிமிசம் தமிழில சொல்லியிருந்தா அந்த ஏழு நிமிசத்துக்கு இடமே இல்ல.

வியாழக்கிழமை நானும் கூடப் போனன். இந்த மிஸ் வேற ஆள், ஐஸ் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து, லேபிளைத் திருப்பி அவளுக்குக் காட்டி, இதுதான் பிள்ளை, ஐந்து நோய்க்கு, ராவைக்குக் காய்ச்சல் வரும் பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடையில போட்டவ. இருபது நிமிசம் வாங்கில இருந்தனாங்கள். ராவைக்குக் காய்ச்சல் வந்தது, விடியக் குறைஞ்சிட்டுது. காட்டில அடுத்த திகதி பென்சிலால எழுதியிருக்கு. மாமிக்கு அவளே வொய்ஸ் ஒண்டு போட்டிருக்கிறாள், இன்னும் நீல டிக் விழேல்ல.