மங்கு

மலேசியத் தமிழ் நாடகங்களில் பதினொரு வருடமாக நடிக்கிறேன். முதல் ஏழு வருடமும் பெரும்பாலும் ஒரே வேடம்தான்: ஊரிலிருந்து வந்தவன். சாப்பாட்டுக்கடை மாஸ்டர், போலிச் சாமியார், முடிவெட்டுபவர் என்று தொழில் மட்டும் மாறும். சிவகங்கைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? வாயைத் திறந்தாலே தெரிந்துவிடுகிறதே.

வெளிநாட்டு நடிகர் என்றால் புஸ்பால் என்ற அரசு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். அதைக் கேட்டதும் ‘அப்புறம் கூப்பிடுறேன் பிரதர்’ என்று போனவர்கள் உண்டு. சரி, அந்தக் கதை வேண்டாம். சம்பளப் பாக்கிக் கதையும் வேண்டாம்.

ஒரு காட்சியில் பேச்சுவாக்கில் “டிபன் சாப்டாச்சா?” என்றுவிட்டேன். இயக்குநர் கட் சொன்னார். “அண்ணே, தோட்டத்துல பொறந்தவன் அப்படியா கேப்பான்? பசியாறிட்டீங்களான்னு கேளுங்க.” அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ரோடு இங்கே சடக்கு, பேண்ட் சிலுவார். சொல்லைப் பிடிப்பது சுலபம், அது தானாக வாயில் வருவதற்குத்தான் வருடங்கள் பிடித்தன. இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு, எதிர்த்திசையில் போன நடிகர் ரவிச்சந்திரனை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கோலாலம்பூரில் பிறந்தவர், 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் அறிமுகமானார். என் அம்மா அவருடைய ரசிகை. அவர் பிறந்தது மலாயாவில் என்று நான் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரியும்.

எட்டாம் வருடம், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன் வேடம் வந்தது. எங்கள் ஊரைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. மனைவியின் பெரியம்மா, முப்பது வருடம் பால் வெட்டியவர், சொந்தக்காரர் ஒருவரின் கொஞ்சம் ரப்பர் மரங்களுக்கு விடியுமுன்பே என்னைக் கூட்டிப் போனார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். பால் பிடிக்கும் கிண்ணத்தை, இங்கே அதற்கு மங்கு என்று பெயர், துடைத்து வைத்தார். பழைய வெட்டில் காய்ந்திருந்த பாலை நாடா மாதிரி உரித்தார். அப்புறம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாக ஒரு இழுப்பு. கை அசைந்த மாதிரியே இல்லை; மரத்தைச் சுற்றிக் கால்தான் நகர்ந்தது. சீவி விழுந்த பட்டை ஒரு காசுத் தடிப்புதான் இருக்கும்.

நான் இழுத்தேன். உள்ளே மரம் தெரிந்தது.

“காயம் போட்டுட்டீங்க, மாப்பிள்ள. அந்தக் காலமா இருந்தா கங்காணி வாயில என்னென்ன வரும் தெரியுமா?”

இரண்டு வாரம் போனேன். ஒருநாள் வெட்டு நெடுக வெள்ளைக் கோடு இறங்கி மங்கில் சொட்டியபோது, முதல் சம்பளம் வாங்கிய நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

படப்பிடிப்பு கோலாலம்பூர் பக்கம், மூன்று மணி நேர ஓட்டம். விடியற்காலை இரண்டரைக்குக் காரை எடுத்தேன். பெரியம்மா வாசலில் நின்றிருந்தார். “என்ன, பெரட்டுக்கா?” தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு.

காட்சி பன்னிரண்டு டேக் போனது. பதினோரு தடவை கேமராவுக்கு என் முகம்தான் வேண்டியிருந்தது.

ஒளிபரப்பான அன்று வீடே கூடியிருந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“கத்தி பிடிச்சது சரி மாப்பிள்ள. ஆனா மங்கு கவுந்து கெடக்கே. பால் எதுல ஊத்தும்?”