எண்ணெய்க் கிணற்று வாசலில் குடித்தனம்

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, ஆர்.வி. என்னும் வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, அமெரிக்கா முழுவதும் சுற்றிவரலாம் என்று கிளம்பும் தம்பதிகளில் சிலர், கையிருப்பு கரையத் தொடங்கியதும் தெற்கு டெக்ஸாஸின் எண்ணெய் வயல்களுக்கு வாயிற்காவல் வேலை தேடி வந்து சேர்கிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தாம். சான் அன்டோனியோவுக்குத் தெற்கே மெக்மல்லன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), ஒரு மாட்டுப் பண்ணையின் வாசலில் வண்டியை நிறுத்தி, அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கி, உள்ளே போகும் வண்டிகளையும் வெளியே வரும் வண்டிகளையும் நானும் என் கணவரும் முறை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம். "வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, மேற்கொண்டு கூலியும் தருகிறார்கள், உட்கார்ந்த இடத்தில் வேலை, வேறென்ன வேண்டும்?" என்று டாலஸில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். வாடகையும் கரண்ட் பில்லும் இல்லை என்பது மட்டும் சரி.

முதலில் இங்கே காவல் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பயத்துக்காக என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. டெக்ஸாஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். கனிம உரிமை உள்ளவர் எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்நிலத்தைப் பயன்படுத்துவதை நிலக்காரர் தடுக்க முடியாது. தடுக்க முடியாதவர், நிபந்தனை போடுகிறார். 2008-இல் பக்கத்து லசால் கவுண்டியில் ஈகிள் ஃபோர்டு பாறைப் படுகையில் முதல் கிடைமட்டக் கிணறு எண்ணெய் நிறுவனங்களின் கவனத்தை ஈர்த்த பிறகு, மாடும் மானும் மட்டுமே நடமாடிய பண்ணைகளுக்குள் இரவும் பகலும் லாரிகள் நுழையத் தொடங்கின. வேலி திறந்து கிடந்தால் மாடு சாலைக்குப் போய்விடும். மான் வேட்டைக்குக் குத்தகை கொடுத்திருக்கும் காட்டில் முகம் தெரியாதவர்கள் திரிந்தால் அந்த வருமானம் கெடும். ஆகவே, வாசலில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் நிலக்காரரின் முதல் நிபந்தனையாகிவிட்டது. எங்கள் கையில் கொடுத்த விதிகளைப் படித்தாலே அது யாருடைய குரல் என்று தெரிந்துவிடும். துப்பாக்கி கூடாது, நாய் கூடாது, குட்டையில் மீன் பிடிக்கக் கூடாது, ஒவ்வொரு வண்டி போன பிறகும் கதவைச் சாத்த வேண்டும். எண்ணெயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இந்த வேலைக்கு டெக்ஸாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஆயுதமில்லாக் காவலர் உரிமம் வேண்டும். ஒரு சிறு வகுப்பு, ஒரு தேர்வு, கைரேகை, அவ்வளவுதான். வேலையும் சொல்லிப் பார்த்தால் எளிது. வண்டி எண், ஓட்டுநர் பெயர், நிறுவனம், யாரைப் பார்க்கப் போகிறார், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியே வந்த நேரத்தை எழுதத் தவறக் கூடாது. கிணற்றில் விபத்து ஏதேனும் நேர்ந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு எங்கள் பதிவேடுதான் கணக்கு.

வண்டி வருவதைச் சொல்வது பாதையின் குறுக்கே கிடக்கும் ஒரு ரப்பர்க் குழாய். சக்கரம் ஏறியதும் உள்ளிருக்கும் காற்று அழுந்தி, எங்கள் ஆர்.வி.க்குள் மணி அடிக்கும், ஓர் அச்சுக்கு ஒரு மணி வீதம். பிக்கப் வண்டி என்றால் இரண்டு. பதினெட்டுச் சக்கர லாரி என்றால், முன் அச்சுக்கு ஒன்று, சற்று விட்டு அடுத்தடுத்து இரண்டு, இன்னும் சற்று விட்டு மறுபடி இரண்டு. சில வாரங்களில் கண்ணைத் திறக்காமலே வந்திருப்பது என்ன வண்டி என்று சொல்லப் பழகிவிடுகிறோம். உறங்க வேண்டியவருக்கும் அதே மணி கேட்கிறது என்பதுதான் சிக்கல்.

நண்பகல் முதல் நள்ளிரவு வரை நான், நள்ளிரவு முதல் நண்பகல் வரை அவர். "இந்தா, எந்திரி, பன்னெண்டாகப் போகுது" என்று அவர் என்னை எழுப்பும்போது வெளியே உச்சி வெயில் கொளுத்தும். துளையிடும் காலம் ஓரளவு அமைதியானது. ரிக் எனப்படும் துளையிடும் இயந்திரத்தின் ஆட்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், இடையில் டீசலும் குழாய்களும் வரும், சிமென்ட் போடும் நாளில் மட்டும் கூட்டம் இருக்கும். எண்ணெயை விடுவிக்கத் தண்ணீரும் மணலும் செலுத்திப் பாறையைப் பிளக்கும் கட்டம் வந்துவிட்டால் கதையே வேறு. ஒரு கிணற்றுக்கே பல லட்சம் காலன் தண்ணீரும் டன் கணக்கில் மணலும் தேவைப்படுவதால், மணல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வண்டிக்குள் போய் ஒரு வாய் காப்பி குடிக்கவும் நேரம் இருக்காது. அந்த நாட்களில் எங்களில் ஒருவர் எழுத, மற்றவர் கதவைப் பிடிக்க வேண்டியிருக்கும். முறையெல்லாம் காற்றில் போய்விடும்.

வசதிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர், அதற்கு டீசல், தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, இரவு விளக்குக் கம்பம் எல்லாம் தருகிறார்கள். ஆனால், கோடையில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால், தகரமும் ஃபைபரும் சேர்ந்த இந்த வீடு அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை கலிச்சி. இங்கே சாலைக்குப் போடும் சுண்ணாம்புக் கற்பொடி அது. வெயிலில் மாவாகப் பறக்கும், மழை பெய்தால் காலணியை விடாத சேறாகிவிடும். ஏ.சி. வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. கழுவும் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல் வெளுத்து ஓடும். இட்லி மாவை இரவில் வெளியே வைத்தால் விடியும் முன்பே புளித்துப் பொங்கிவிடுவதால், கரைத்த இரண்டு மணி நேரத்தில் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுகிறேன். உளுந்தும் புளியும் வாங்க சான் அன்டோனியோவுக்குத்தான் போக வேண்டும். போவது ஒருவர் மட்டும். வாசலை விட்டு இருவரும் ஒன்றாக நகர முடியாது. இங்கே வந்தபின் நாங்கள் சேர்ந்து ஒரு கடைக்கோ கோயிலுக்கோ போனதில்லை; ஆயிரம் பேர்கூட வசிக்காத இந்தக் கவுண்டியில் கூப்பிட்டுப் பேச அண்டை வீடும் இல்லை.

ஊர் மட்டும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். இங்கே கண்ணுக்கெட்டிய வரை நிற்கும் மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதன் அடியில் சப்பாத்திக்கள்ளி. கிலுகிலுப்பைப் பாம்பும் காட்டுப்பன்றியும்தான் புதிது. பாம்பைவிட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரிய பயம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அழுகிய முட்டை நாற்றம் வந்துகொண்டிருக்கும்வரை பிழைத்தோம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் நின்றுபோகும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே, அலாரம் அடித்தால் காற்றை எதிர்த்து மேட்டுக்குப் போ என்பதே விதி.

இனி பணம். நாளுக்கு 125 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாசலில் ஆள் இருக்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஐந்து டாலரும் சில்லறையும் வரும். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ 7.25 டாலர். நாங்கள் ஊழியர்கள் அல்லர், சுயதொழில் ஒப்பந்தக்காரர்கள் என்பதால் இது செல்லுபடியாகிறது. அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் உரிய 15.3 சதவீதத்தையும் நாங்களே கட்ட வேண்டும். காவலர்கள் ஊழியர்களா, ஒப்பந்தக்காரர்களா என்ற கேள்வியை மத்தியத் தொழிலாளர் துறை 2010-இல் ஒரு காவல் நிறுவனத்திடம் எழுப்பியது. 2013-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், காவலர்கள் ஒப்பந்தக்காரர்களே என்று தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், துறை நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று சொல்லி நிறுவனத்தின் வழக்குச் செலவையும் துறையின் தலையில் கட்டியது. ஓய்வு நேரத்தில் படிக்கலாம், படம் பார்க்கலாம், விரும்பியபடி இருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், வாசலை விட்டு நகர முடியாத நேரத்தை ஓய்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலை நிரந்தரமும் அன்று. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனபோது ரிக்குகள் கிளம்பிவிட்டன, வாசல்களும் காலியாயின. இப்போது போட்டிக்குக் கேமராவும் தானியங்கிக் கதவும் வந்துவிட்டன. இந்தக் கிணறு உற்பத்திக்கு வந்ததும் இங்கேயும் கேமராதான் என்று கம்பெனி மேன், அதாவது எண்ணெய் நிறுவனத்தின் களப் பொறுப்பாளர், முன்கூட்டியே சொல்லிவிட்டார். அடுத்த வாசல் கிடைக்கும்வரை கூலி கிடையாது, ஆர்.வி. பூங்கா வாடகை கைக்காசிலிருந்து போகும். மேற்கே பெர்மியன் எண்ணெய்ப் படுகையில் வேலை அதிகம், அங்கே போகலாம் என்பது என் கட்சி. அங்கே புழுதிக்காற்று இதைவிட மோசம், இதே ஈகிள் ஃபோர்டில் உள்ள கார்ன்ஸ் கவுண்டியிலேயே விசாரிப்போம் என்கிறார் இவர். முறை மாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இதைப் பேச முடிகிறது என்பதால் இன்னும் முடிவாகவில்லை.