மூணு மைக்குக்குக் கீழ

10.11.2024, ஞாயிறு

காலைல பால் அடுப்புல வெச்சுட்டு போனை எடுத்தா எங்க நாடக குரூப்ல வரிசையா மெசேஜ், டெல்லி கணேஷ் சார் நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாராம், 80 வயசு. பால் பொங்கி வழிஞ்சதுகூட தெரியல எனக்கு. அவரோட நான் ஒரு சீன் நடிச்சதில்ல, கிட்ட போய் பேசினதும் இல்ல. ஆனா ஆபீஸ் விட்டதும் பஸ் பிடிச்சு ரிகர்சலுக்கு ஓடற எங்களை மாதிரி சபா ஆளுங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரிதான்.

வல்லநாட்டுக்காரர். 1964ல விமானப்படைல சேர்ந்து பத்து வருஷம் இருந்தார், டெல்லில தட்சிண பாரத நாடக சபால நடிச்சுக்கிட்டே. அப்புறம் 1974ல அந்த வேலையை விட்டுட்டு நடிக்க வந்துட்டார். அந்தக் காலத்துல மத்திய அரசு வேலையை விடறதுன்னா வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பார்த்தா வயித்தைக் கலக்குது. விசு எழுதின பட்டினப்பிரவேசம் நாடகத்தை பாலச்சந்தர் சார் சினிமாவா எடுத்தப்போதான் அறிமுகம், 'டெல்லி'ன்னு பேர்ல சேர்த்ததும் அவர்தான்.

நான் வேலையை விட்டது 2016ல, 43 வயசுல. எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் "சரி, எந்த சீரியல்"னார்.

11.11.2024, திங்கள்

வளசரவாக்கம் ஷூட்டிங் வீடு. மேக்கப் ரூம்ல எல்லாரும் ஒரே போன்ல இறுதி ஊர்வலம் பார்த்துக்கிட்டிருந்தோம். விமானப்படைக்காரங்க வந்து மரியாதை செஞ்சாங்க. அம்பது வருஷம் முன்னாடி விட்டுட்டு வந்த இடம், மறக்கலையே. எங்க மேக்கப்மேன் பவுடர் பஃபைக் கைல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டார்.

உடனே ஷாட் ரெடின்னு குரல். நான் போய் மருமகளைத் திட்டணும்.

14.11.2024, வியாழன்

பொண்ணு கேட்டா, ஏம்மா அவரைப் பத்தியே பேசறே, அவர் ஹீரோகூட இல்லையேன்னு. உட்கார வெச்சு மைக்கேல் மதன காமராஜன் போட்டேன். 1990 படம், அதுல கமலுக்கு வளர்ப்பு அப்பா பாலக்காடு மணி ஐயர், ஆனா நிஜத்துல கமலைவிட வெறும் பத்து வயசுதான் பெரியவர். அதுக்கு முந்தின வருஷம்தான் அபூர்வ சகோதரர்கள்ல கமலோட அப்பாவைக் கொல்ற வில்லன் கூட்டத்துல ஒருத்தரா வந்தார், ரெண்டையும் அடுத்தடுத்து பாரு, ஒரே ஆள்னு சொல்லத் தோணுதான்னு கேட்டேன். இந்தத் தடவை நான் கமலைப் பார்க்கல, கமல் பேசும்போது இவர் முகத்தை மட்டும் பார்த்தேன். அடுத்து தான் என்ன சொல்லணும்னு யோசிக்கற முகம் இல்ல அது. மகன் சொல்றதை அப்பன் கேக்கற முகம்.

இது மேடைல வர்ற பழக்கம்னு நான் நம்பறேன். நான் ஆரம்பிச்ச காலத்துல சபால மேல மூணு மைக் தொங்கும், வசனம் பேசறவர் மைக்குக்குக் கீழ வந்து நிக்கணும், மத்தவங்க ஒதுங்கி இடம் விடணும். ஆனா ஒதுங்கி நிக்கறவங்களையும் ஜனங்க பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க. அங்க நிக்கும்போது என்ன செய்யறேங்கறதுதான் நடிப்புன்னு எங்க டைரக்டர் சார் திட்டித் திட்டி சொல்லிக் குடுத்தார். பூர்ணம் விஸ்வநாதன் சார், ரேடியோல நியூஸ் வாசிச்சவர், சுஜாதா நாடகங்களை மேடை ஏத்தினவர், அவர் சும்மா சேர்ல உட்கார்ந்திருந்தாலே கண்ணு அவர்கிட்டதான் போகும்.

20.11.2024, புதன்

சீரியல்ல ப்ராம்ப்டிங் எப்படின்னு தெரியாதவங்களுக்காக எழுதறேன். காலைல 9 மணிக்குப் போனா ராத்திரி 9 வரைக்கும், சீன் பேப்பர் அப்பப்போதான் கைக்கு வரும், மனப்பாடம் பண்ண நேரமே கிடையாது, அதனால கேமராவுக்குப் பக்கத்துல ஒரு தம்பி உட்கார்ந்து வரி வரியா சொல்லிக்கிட்டே இருப்பார், நாம அதைக் காதுல வாங்கி முகம் மாறாம பேசணும். நல்லாப் பழகிட்டா சுலபம்தான். ஆனா எட்டு வருஷமா என் காது அந்தத் தம்பிகிட்டயே இருந்திருக்கு, எதிர்ல நிக்கற பொண்ணு என்ன சொல்றான்னு நான் கேட்டதே இல்ல, அது இன்னைக்குத்தான் உறைச்சுது.

இன்னைக்கு ஒரு ஆஸ்பத்திரி சீன். எனக்கு வசனம் இல்ல, வெறும் ரியாக்‌ஷன். வழக்கமா இந்த மாதிரி ஷாட்ல இடது பக்கம் பாருங்கம்மா, கண்ணை அகலமா வைங்கம்மான்னு சொல்லி மூணு குளோசப் எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் மருமகளா நடிக்கற பொண்ணுகிட்ட, கேமரா உன் மேல இல்லைன்னாலும் அந்த வசனத்தை எனக்காக ஒரு தடவை முழுசா சொல்லுடா கண்ணுன்னேன். சொன்னா. சின்னப் பொண்ணு, ராமநாதபுரம் பக்கம், ஊருக்குப் போய் ஏழு மாசம் ஆச்சு. "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க அத்தை"ங்கற வரில அவ குரல் கம்மிப் போச்சு, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. டைரக்டர் கட் சொல்லவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் ஒரே டேக்தான், அடுத்த சீனுக்கு லைட் மாத்தப் போயிட்டாங்க.

30.11.2024, சனி

ஃபெஞ்சல் புயல். சாயங்காலம் ஏழு மணிக்கு நாடகம், மூணு மாசம் ரிகர்சல். மத்தியானமே சபாலேர்ந்து போன், இன்னைக்கு வேண்டாம்னு. அவங்களும் என்ன பண்ணுவாங்க, ரோடு முழுக்க தண்ணி, ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. செட் ஏத்தின டெம்போ பாதி வழில நிக்குது, வாடகை குடுத்தாகணும். டிசம்பர்ல கச்சேரிதான், நாடகத்துக்கு எவன் தேதி குடுப்பான். எங்க நாடக டைரக்டர் சாருக்கு வயசு 74, போன்ல "பார்த்துக்கலாம்மா"ன்னார், குரல்ல பலமே இல்ல.

8.12.2024, ஞாயிறு

தேதி கிடைச்சுது! மேற்கு மாம்பலத்துல ஒரு சின்ன ஹால், சாயங்காலம் நாலு மணிக்கு. அறுபது பேர் இருக்கும், பாதி எழுபது வயசுக்கு மேல. மைக் ரெண்டுதான், அதுல ஒண்ணு இரண்டாவது சீன்ல செத்துப்போச்சு. நான் இடது ஓரத்துல, மைக்கே இல்லாத இடம். அடிவயித்துலேர்ந்து குரலை எடுத்து கடைசி வரிசைக்குப் பேசினேன், இந்தக் குரல் இன்னும் எனக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியாது. அப்புறம் என் அண்ணனா நடிக்கறவர் பேச ஆரம்பிச்சார், நீளமான வசனம், அது முழுக்க நான் நின்னு கேட்டேன். 28 ரிகர்சல்ல கேட்ட வசனம்தான், இன்னைக்குத்தான் அவர் அம்மாவைப் பத்திப் பேசறார்னு விழுந்துது. முன் வரிசைல ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அயர்ன் பெட்டி போட்டாச்சு. நாளைக்குக் கன்டின்யூட்டி, ஆஸ்பத்திரி சீனோட மிச்சம், அதே பச்சைப் புடவை, அதே பெரிய பொட்டு. மருமகளா நடிக்கற பொண்ணுக்குப் பிடிக்கும்னு ஒரு டப்பால அதிரசம் எடுத்து வெச்சிருக்கேன்.