வலிக்கலையே டாக்டரம்மா, அப்புறம் எதுக்கு?

தர்மபுரியில பல் கிளினிக் வச்சிருக்கேன். பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி, அரூர் பக்கம் இருந்துதான் நிறைய பேர் வருவாங்க. கேக்கற கேள்விங்க பெரும்பாலும் ஒண்ணேதான், ஆனா வாயைத் திறந்து வச்சுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட நான் பாட்டுக்கு பதில் சொல்லிட்டே இருந்தா அவங்களால திருப்பி ஒரு கேள்வி கேக்க முடியுமா, அதான் நிதானமா இங்க எழுதி வைக்கறேன், வீட்டுல பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல அதிகமா கேக்கற கேள்வி. "இப்பதான் வலி இல்லையே, அப்புறம் எதுக்கு வைத்தியம்?"

பல் விஷயத்துல வலியை மட்டும் நம்பவே நம்பாதீங்க. பல்லோட மேல்பக்கம் இருக்கற எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது, சொத்தை அங்க ஆரம்பிச்சு குழி விழற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதைத் தாண்டி அடுத்த அடுக்குக்கு போனப்புறம் இனிப்பு சாப்பிட்டா, ஜில்லுனு தண்ணி குடிச்சா சுளீர்னு இழுக்கும், உடனே போயிடும். இந்த நேரத்துல வந்தாக்கூட பெரும்பாலும் சொத்தையை சுரண்டி எடுத்துட்டு அடைச்சு அனுப்பிடலாம், சில நூறு ரூபாயோட முடிஞ்சுடும். வர மாட்டாங்க. அது இன்னும் உள்ள போய் நரம்பைத் தொட்டதும்தான் ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுனு தெறிக்க ஆரம்பிக்கும், காது, நெத்திப்பொட்டு எல்லாம் சேர்ந்து வலிக்கும், எந்தப் பல்லுனே சொல்லத் தெரியாது. மெடிக்கல்ல போய் வலி மாத்திரை வாங்கிப் போடுவாங்க, நாலு நாள்ல வலி நின்னுடும், மாத்திரையிலயே குணமாயிடுச்சுனு சந்தோஷமா இருப்பாங்க. குணமாகல, உள்ள இருக்கற நரம்பு செத்துடுச்சு. செத்த நரம்பு வலிக்காது. ஆனா கிருமி வேர் வழியா இறங்கி எலும்புக்குள்ள போய்க்கிட்டுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்து ஸ்கிரீன்ல காட்டுவேன், வெள்ளையா தெரியற எலும்புக்கு நடுவுல, வேர் நுனியில மட்டும் மிளகு அளவுக்கு கருப்பா ஒரு வட்டம். "இவ்வளவு இருக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலையே"னு ஆச்சரியப்படுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது அவசரம். கீழ்க் கடவாய்ப்பல்லால தாடைக்கு அடியில வீங்கி, வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, காய்ச்சல் அடிக்குதுன்னா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினா மூச்சையே அடைக்கும், அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. வீங்குன கன்னத்துல பத்து போடறது, சுடச்சுட ஒத்தடம் குடுக்கறது எல்லாம் வேண்டாம், சீழ் வெளிப்பக்கமா தோலை உடைச்சுக்கிட்டு வந்து கன்னத்துல தழும்பு விழுந்தவங்களைப் பாத்திருக்கேன். வெதுவெதுப்பான உப்புத்தண்ணி வாய்க்குள்ள கொப்பளிக்கறது மட்டும் போதும். புகையிலை, கற்பூரம், முழு கிராம்பை ஈறுல அழுத்தி வைக்கறதுனு எதுவும் பண்ணாதீங்க, ஈறு வெந்து போயிடும்.

அடுத்தது "ரூட் கேனால் எல்லாம் எதுக்கு, புடுங்கிப் போட்டுடுங்க, தொல்லை விட்டுது". இதை அம்மாக்கள்தான் அதிகமா சொல்றாங்க, அதுலதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா புள்ளைக்குனா காசு எடுப்பாங்க, தனக்குன்னா புடுங்குனா போதும்பாங்க. ஒரு கடவாய்ப்பல்லை எடுத்துட்டா பின்னாடி இருக்கற பல்லு மெதுவா அந்த இடத்துக்கு சாயும், மேல இருக்கற பல்லு எதிர்ல தாங்க ஆள் இல்லாம கீழ இறங்கும், ரெண்டுக்கும் நடுவுல சோறு சிக்கும், அங்க புதுசா சொத்தை வரும். நிறைய பேர் அந்தப்பக்கமா மெல்றதையே விட்டுடறாங்க. அப்புறம் பல்லு கட்டணும்னு வந்தா கழட்டி மாட்டற பல்லு, இல்ல ரெண்டு பக்கத்துல இருக்கற நல்ல பல்லையும் சீவி மூணுக்கும் சேர்த்து கட்டற பிரிட்ஜ், இல்லன்னா எலும்புக்குள்ள டைட்டானியம் ஸ்க்ரூ வச்சு, அது எலும்போட சேர மூணுல இருந்து ஆறு மாசம் விட்டு, அதுமேல பல்லு வைக்கற இம்ப்ளான்ட். இதுல பிரிட்ஜும் இம்ப்ளான்ட்டும் நாம மிச்சம் பிடிச்சதா நினைச்ச ரூட் கேனால் காசை விட அதிகம்.

ரூட் கேனால்னா ஏதோ ஆபரேஷன் மாதிரி பயப்படறாங்க. மரத்துப்போற ஊசி போட்டு, பல்லுக்கு மேல ஒரு சின்ன ஓட்டை போட்டு, உள்ள இருக்கற கெட்டுப்போன சதையை நூல் மாதிரி மெல்லிசான ஃபைல் வச்சு எடுத்து, மருந்து விட்டுக் கழுவி, கட்டாபெர்ச்சான்னு ரப்பர் மாதிரி ஒரு பொருளால வேர் நுனி வரைக்கும் அடைக்கறோம், அவ்வளவுதான். ஒரே தடவையிலயும் முடியும், சீழ் இருந்தா ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கும். முடிஞ்சப்புறம் ரெண்டு மூணு நாள் கடிக்கும்போது வலி இருக்கறது சகஜம். கடவாய்ப்பல்லா இருந்தா அதுமேல மூடி மாதிரி மாட்டற கேப் போட்டே ஆகணும். வலி நின்னதும் கேப் போடாம விட்டுட்டு, முறுக்கையோ எலும்பையோ கடிச்சு பல்லு ரெண்டா பிளந்து வந்தா அப்ப நிஜமாவே புடுங்கறதுதான் வழி. கேப்ல மெட்டல், மெட்டல் மேல செராமிக், ஜிர்கோனியானு இருக்கு. வெளிய தெரியாத கடைசிப் பல்லுக்கு மெட்டல் கேப்பே நல்லா உழைக்கும், "காஸ்ட்லியா இருக்கறதுதான் நல்லது"னு எல்லாரும் நினைக்கத் தேவையில்ல.

எல்லாப் பல்லையும் காப்பாத்த முடியும்னு சொல்ல வரல. வேரு நெடுக்கா வெடிச்சிருந்தா, சொத்தை ஈறுக்கு கீழ வரைக்கும் போயிருந்தா, எலும்பு கரைஞ்சு பல்லு ஆடிக்கிட்டு இருந்தா எடுக்கறதுதான் சரி. எந்தப் பல்லுக்கு எது சொன்னாலும் எக்ஸ்ரேவைக் காட்டி ஏன்னு விளக்கச் சொல்லுங்க, உங்க வாய், உங்க காசு, கேக்கறதுல தப்பே இல்ல.

மேல்பல்லை எடுத்தா கண் பார்வை போயிடுமா? போகாது. பல்லுக்கு வர்ற நரம்பு வேற, பார்வைக்கு இருக்கற நரம்பு வேற, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. இந்த பயத்துலயே சீழ் வச்ச பல்லை வருஷக்கணக்கா வாயில வச்சுக்கிட்டு இருக்கற தாத்தா பாட்டிங்க எங்க பக்கத்துல நிறைய பேர். அதே மாதிரி பல்லுல பூச்சி எடுக்கறேன்னு யாராவது புழுவைக் காட்டுனா நம்பாதீங்க, பல்லுக்குள்ள புழு கிடையாது, நாம சாப்பிடற இனிப்பை கிருமி தின்னு உண்டாக்கற ஆசிட்தான் பல்லைக் கரைக்குது.

க்ளீன் பண்ணா பல்லு ஆடுமாம், இடைவெளி விழுமாம்னு ஒரு பேச்சு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல சுண்ணாம்பு மாதிரி கறை கட்டியாகி, அது ஈறைத் தள்ளி, எலும்பைக் கரைச்சு, அந்த இடைவெளியை ஏற்கனவே உண்டாக்கி வச்சிருக்கும். அதை எடுத்ததும் மறைஞ்சிருந்த இடைவெளி தெரியுது, பிடிச்சு வச்சிருந்த கட்டி போனதால ஆடுற பல்லு ஆடுறது தெரியுது. ஈறு நோயும் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் கொடுமை. பிரஷ்ல ரத்தம் வர்றது, காலையில வாய் நாத்தம், அதுதான் அறிகுறி. சுகர் இருக்கறவங்க இதை ரொம்ப கவனிக்கணும், சுகர் ஏறுனா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் கட்டுக்குள்ள வர்றது கஷ்டம்.

இப்ப எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் முக்கியமா எழுத உக்காந்தேன். "கறையா இருக்கு, க்ளீன் பண்ணா வெள்ளையாகுமா டாக்டரம்மா?" கேக்கறது பெரும்பாலும் காலேஜ் படிக்கற, இல்ல கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கற பொண்ணுங்க. போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு வந்திருந்தா, பேசும்போதே துப்பட்டா நுனியை எடுத்து வாய்கிட்ட வச்சுக்கிட்டா, சிரிப்பு வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டா, கண்ணாடியைக் கையில குடுத்தா வாங்கவே மாட்டேங்கறா. முன்பல்லு நாலுலயும் குறுக்கால பழுப்பு நிறக் கோடு, நடுநடுவுல சின்னச் சின்ன குழி. அவ அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு "ஒழுங்கா பல்லே வெளக்க மாட்டேங்கறா"னு திட்டுறாங்க. அந்தம்மா பேசும்போது அவங்க பல்லுலயும் அதே கோடு தெரியுது.

அது வெளக்காததால வந்தது இல்லம்மா, தண்ணியால வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறையில ஃப்ளோரைடு அதிகம், ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில அது கரைஞ்சு வரும். ஒரு லிட்டர் குடிதண்ணியில 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு அளவு வச்சிருக்காங்க. அதுக்கு மேல இருக்கற தண்ணியை, ஈறுக்குள்ள பல்லு உருவாகிக்கிட்டு இருக்கற சின்ன வயசுல, ஏழெட்டு வயசு வரைக்கும் குடிச்சு வளந்தா எனாமல் உருவாகும்போதே கெட்டுடும். பல்லு முளைக்கும்போதே கறையோடதான் முளைக்கும். அதனால எத்தனை தடவை க்ளீன் பண்ணாலும், கரி, உப்பு, செங்கல்பொடி எது வச்சு தேய்ச்சாலும் போகாது, இருக்கற எனாமலும் தேஞ்சு கூச்சம்தான் மிஞ்சும். ஆசிட் தொட்டு வெளுக்க வைக்கறவங்ககிட்ட மட்டும் தயவுசெஞ்சு போயிடாதீங்க.

இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் ஜப்பான் கடன் வாங்கி 2008ல ஆரம்பிச்சு 2013ல தண்ணி விட்டாங்க. குழாய்த் தண்ணி நின்னு போற நாள்ல போர் தண்ணியைக் குடிச்சா பழையபடிதான். தண்ணியைக் கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டுறதால இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ போட்டா குறையும். வளந்தவங்க தண்ணியை மாத்துனா பல்லுல இருக்கற கறை மறையாது, ஆனா வீட்டுல இருக்கற குழந்தைக்கு வராம தடுக்கலாம், எலும்புக்கும் நல்லது.

வைத்தியம் இருக்கு. வெள்ளைத் திட்டு, லேசான பழுப்பா இருந்தா மேல் படலத்தை மட்டும் மெல்லிசா தேய்ச்சு எடுக்கறது, ப்ளீச்சிங் போதும். அடர்த்தியான கறைன்னா பல்லு நிறத்துலயே காம்போசிட்னு ஒரு பசை மாதிரி பொருளைப் பூசலாம், ஒரே நாள்ல முடியும், சில வருஷத்துல நிறம் மங்குனா திரும்ப சரி பண்ணிக்கலாம். குழி விழுந்து எனாமல் உதிர்ற அளவுக்கு போயிருந்தாதான் பல்லு முன்பக்கம் மெல்லிசா ஒட்டற செராமிக் வெனீர், கேப் எல்லாம். கல்யாணத்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்குனு சொல்லி, இருபது வயசுப் பொண்ணோட ஆரோக்கியமான ஆறு எட்டு முன்பல்லை சுத்தியும் சீவி கேப் மாட்டி விடறதை நான் ஒத்துக்க மாட்டேன், சீவுனது திரும்ப வளராது, அந்தக் கேப்பை வாழ்நாள்ல எத்தனை தடவை மாத்த வேண்டி வருமோ. தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே வாங்க, கொஞ்சமா ஆரம்பிச்சு பாக்கலாம். அந்தப் பொண்ணுக்கு ப்ளீச்சிங்கும் நாலு பல்லுக்கு காம்போசிட்டும்தான் பண்ணோம். கண்ணாடியை ரொம்ப நேரம் கீழ வைக்கல.

அப்ப ஃப்ளோரைடு பேஸ்ட் வேண்டாமானு கேப்பீங்க. பேஸ்ட் வேணும், அது மேலோட்டமா பட்டு சொத்தையைத் தடுக்குது, முழுங்குனாதான் பிரச்சனை. மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அப்புறம் ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, பக்கத்துல நின்னு துப்ப வைங்க.

"விழப்போற பால்பல்லுதானே"னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. கடைசி பால்பல்லு விழ பதினொண்ணு பன்னெண்டு வயசாகும், அதுவரைக்கும் அது நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு. ஆறு வயசுல பால்பல்லு எதுவும் விழாமலே கடைசியில ஒரு பெரிய கடவாய்ப்பல்லு முளைக்கும், அது நிரந்தரப் பல்லு, திரும்ப முளைக்காது, அதையும் பால்பல்லுனு நினைச்சு விட்டுடறாங்க. நான் எடுக்கற நிரந்தரப் பல்லுல நிறைய இந்தப் பல்லுதான். குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்பினா உதடு மரத்திருக்கற ரெண்டு மூணு மணி நேரம் கடிச்சுப் புண்ணாக்காம பாத்துக்குங்க.

வெத்தலை புகையிலை, ஹான்ஸ் போடறவங்க: வாய்க்குள்ள வெள்ளை, சிவப்புத் திட்டோ, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தா வலிக்கலனு விடாதீங்க. வாய்ப் புத்துநோயும் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்கறது இல்ல.

வரும்போது சாப்பிட்டுட்டு வாங்க. பல்லு எடுக்கணும்னா வெறும் வயித்துல வரணும்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க, சுகர் மாத்திரையை மட்டும் போட்டுட்டு சாப்பிடாம வந்தா சேர்லயே மயக்கம் வரும். சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு பல்லு எடுக்கறதுக்கு பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்ல. எலும்பு வலுவிழக்கற நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டிருந்தா கட்டாயம் சொல்லணும், அந்த ஊசி போட்டவங்களுக்கு பல்லு எடுத்த இடத்துல எலும்பு ஆறாம போக வாய்ப்பு இருக்கு. மாசமா இருக்கறவங்களும் சொல்லிடுங்க, நாலு, அஞ்சு, ஆறாம் மாசத்துல வைத்தியம் பண்ணிக்கறது நல்லது, வலி பொறுத்துக்கிட்டு பிரசவம் வரைக்கும் தள்ளிப் போட வேண்டாம்.

காசு இல்லன்னு வராம மட்டும் இருக்காதீங்க. தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு, சேலத்துல இருக்கற பல் மருத்துவக் கல்லூரியில டாக்டர்ங்க மேற்பார்வையில ஸ்டூடண்ட்ஸ் குறைஞ்ச செலவுல பண்ணித் தர்றாங்க, நேரம் கொஞ்சம் அதிகமாகும், காலையில சீக்கிரமே போய் ஓபி சீட்டு போட்டுடுங்க.